ஆஃபர் லெட்டரும் கட்-ஆஃப் கணக்கும்

2024 மே மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்று அனுப்பியிருந்த ஆஃபர் லெட்டர். மெக்கானிக்கல், மூன்று வருஷம், ஆண்டுக் கட்டணம் 27,000 பவுண்டு. இன்னொன்று, ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் ஜெராக்ஸ். அதன் பின்பக்கத்தில் அக்கா மகன் பேனாவால் கணக்குப் போட்டிருந்தான்: கணிதம் 94, இயற்பியல் 91-ல் பாதி 45.5, வேதியியல் 93-ல் பாதி 46.5. மொத்தம் 186.

"மாமா, எதுக்குப் போகட்டும்?" என்றான்.

அத்தான் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். அன்றைய விலையில் ஒரு பவுண்டு 106 ரூபாய் அளவில் இருந்தது. கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 28 லட்சத்தைத் தாண்டியது. அறை வாடகையும் சாப்பாடும் அதில் சேரவில்லை.

உள்ளூரா, வெளிநாடா என்று கேட்டால் பேச்சு உடனே நாடுகளைப் பற்றிப் போய்விடுகிறது: லேப் வசதி, சம்பளம், குளிர், பாதுகாப்பு. நான் முதலில் கேட்பது வேறு. எந்தப் படிப்புக்கு வெளிநாடு போகப் போகிறாய், பி.இ.க்கா, அதற்கப்புறம் வரும் எம்.எஸ்.ஸுக்கா? வெளிநாட்டில் படிப்பதா வேண்டாமா என்பது பாதி வீடுகளில் என்றோ முடிவான விஷயம். எப்போது போவது என்பதில்தான் பணமும் சிக்கலும் இருக்கின்றன. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அதில் முதுநிலையிலும் ஆராய்ச்சியிலும் படித்தவர்கள் ஏறக்குறைய 1,97,000. இளநிலையில் 36,000 சொச்சம்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் படிப்பை முடித்துவிட்டு வேலைப் பயிற்சியில் இருந்தவர்கள். முதல் பட்டத்தை இங்கே முடித்துவிட்டு விமானம் ஏறுவதுதான் நம்மவர்களின் நடைமுறை. அதற்குக் காரணம் பணம் மட்டுமல்ல.

இங்குள்ள வழியை முதலில் பார்ப்போம். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என்று 200-க்கு ஒரு கட்-ஆஃப். அதை வைத்துத் தரவரிசை, 69 விழுக்காடு இட ஒதுக்கீடு, 2018 முதல் ஆன்லைன் கவுன்சலிங். 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இந்த ஒரே வாசலுக்குள் நிற்கின்றன. 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியும் அதில் இருக்கிறது. போன வருஷம் பெயின்ட் அடித்துப் பெயரை மாற்றிக்கொண்ட கல்லூரியும் இருக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. என்ற தேசிய நுழைவுத் தேர்வு, அது தனி வழி. சென்னை ஐ.ஐ.டி. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு உருவானது. இன்று நம் பிள்ளைகள் ஜெர்மனிக்கு ஓடுகிறார்கள் என்பது வேறு கதை.

கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தால், கட்டண நிர்ணயக் குழு 2017-ல் வைத்த கணக்குப்படி கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவில் அதுவே 85,000, 87,000. இதெல்லாம் காகிதத்தில். பஸ், ஹாஸ்டல், டிரெயினிங் கட்டணம் என்று ரசீதில் ஒவ்வொன்றாக ஏறும்போது தொகை இரண்டு மூன்று மடங்காகும். இருந்தாலும் கவுன்சலிங் வழியை லேசாக நினைக்கக்கூடாது. முதல் பட்டதாரி சலுகை இந்த வழியில்தான் வரும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 2021 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு; அதில் இடம் கிடைத்தவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 'எப்படியும் மேனேஜ்மென்ட்ல வாங்கிடலாம்' என்று ஜூன் மாதமே பணம் கட்டிவிட்டு, பிறகு கவுன்சலிங்கில் அதே கல்லூரி, அதே பாடப்பிரிவு தன் ரேங்குக்குக் கிடைத்திருக்கும் என்று தெரிந்து வயிறெரிந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அன்று இரவு சாய்ஸ் ஃபில்லிங்குக்கு, அதாவது கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் வரிசைப்படுத்திக் கொடுப்பதற்கு, அவன் எழுதி வைத்திருந்த பட்டியலைக் காட்டினான். பதினோரு வரிகள். பதினொன்றும் கம்ப்யூட்டர் சயின்ஸ். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. தரவரிசையில் உங்கள் முறை வரும்போது கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கிறது; காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறது. அதனால் கீழே நிறைய எழுதி வைப்பதில் நஷ்டமே இல்லை. மேலே எதை எழுதுகிறோம் என்பதில்தான் புத்தி வேண்டும். பட்டியல் அறுபதைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு.

எங்களுக்குள் சண்டை வந்தது ஏழாவது வரியில். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு புதிய கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேலே, ஐம்பது வருஷத்துக்கு மேலான ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் கீழே. மாற்றி எழுது என்றேன். அந்த 2024-25 கல்வியாண்டில்தான், ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்ச வரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான தேசிய அமைப்பான ஏ.ஐ.சி.டி.ஈ. தளர்த்தியது. பல கல்லூரிகள் சிவிலையும் மெக்கானிக்கலையும் குறைத்து, கம்ப்யூட்டர் சயின்ஸிலும் அதன் ஒன்றுவிட்ட தம்பிகளான ஏ.ஐ., டேட்டா சயின்ஸ் பிரிவுகளிலும் செக்‌ஷன் செக்‌ஷனாகச் சேர்த்துக்கொண்டன. செக்‌ஷன் கூடும் வேகத்தில் பாடம் நடத்தத் தெரிந்தவர்கள் கூடுவதில்லை. பாடப்பிரிவின் பெயரை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி.

கல்லூரியை எடைபோட பிராஸ்பெக்டஸ் உதவாது. 'அதிகபட்ச பேக்கேஜ்' என்று பேனரில் போடுவது ஒரே ஒரு பையன் வாங்கிய சம்பளம். அதற்குப் பதில், தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு அந்தக் கல்லூரி சமர்ப்பித்த தரவைப் பாருங்கள். அதைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டியது கல்லூரியின் கடமை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக இருக்கும். இடைநிலை என்றால் எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் சம்பளம். பேனர் பையனால் அதை அசைக்க முடியாது. தரவரிசை எண்ணைவிட அந்த நான்கைந்து வரிகள் எனக்கு அதிகம் சொல்லும். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர் வாரியாக வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் ஓரளவு தெளிவாகிவிடும்.

சரி, வெளிநாட்டுக்கு வருவோம்.

முதல் சிக்கல் நாட்காட்டி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலவற்றுக்கு ஜனவரித் தொடக்கத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். இங்கிலாந்துக்கான பொது விண்ணப்பமும் ஜனவரியில்தான். நம் ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம், கவுன்சலிங் அதற்கும் பிறகு. அதாவது 'கவுன்சலிங்ல நல்ல காலேஜ் கிடைக்கலைன்னா வெளிநாடு' என்ற திட்டம், நல்ல பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, நடக்காத காரியம். வெளிநாட்டு இளநிலைக்கு ப்ளஸ் ஒன்னிலேயே முடிவெடுக்க வேண்டும். ஜூலையிலும் சேர்க்கிறோம் என்று கூப்பிடும் இடங்கள் இருக்கின்றன. ஏன் இன்னும் இடம் காலியாக இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜெர்மனி. 'அங்கே ஃபீஸே கிடையாது' என்பது ஊரெல்லாம் ஓடும் வாசகம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து இளநிலைக்கு 2,000 அல்லது 3,000, முதுநிலைக்கு 4,000 அல்லது 6,000 யூரோ என்று வைத்துவிட்டது. கட்டணமே இல்லாத இடத்திலும், விசாவுக்கு முன் முடக்கக் கணக்கு ஒன்றில் ஒரு வருஷச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பிறகு, வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம். இதுதான் 'ஃபீஸ் இல்லாத' படிப்பின் விலை.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. நம் ப்ளஸ் டூ மட்டும் அங்கே நேரடி இளநிலைச் சேர்க்கைக்குப் போதாது. ஜே.இ.இ.யின் இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டில் தேறியிருந்தால் தொழில்நுட்பப் படிப்புக்கு வழி உண்டு. அல்லது இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே ஸ்டூடியன்கோலெக் என்ற ஆயத்த வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். இளநிலை வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். பதினேழு வயதில் புது மொழியில் தெர்மோடைனமிக்ஸ் கேட்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்; சிலருக்கு அது இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள், தங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சொல்லும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்க வேண்டும்.

ஒரு சின்ன ரகசியம். கல்விக் கண்காட்சிகளில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஸ்டால்கள் வரிசை கட்டி நிற்கும். ஜெர்மானிய அரசுப் பல்கலைக்கழகங்களை அவ்வளவாகப் பார்க்க முடியாது. மாணவரைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்சிக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தரும் நாடுகளின் பெயர்தான் அங்கே அதிகம் ஒலிக்கும். 'எங்களுக்கு நீங்க ஒரு பைசா தர வேண்டாம் சார்' என்று ஒரு கன்சல்டன்சியில் அத்தானிடம் பெருமையாகச் சொன்னார்களாம். பின்னே யார் தருகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை.

இவ்வளவு சொன்னதால், வெளிநாட்டு இளநிலையே வீண் என்று நான் நினைப்பதாகக் கொள்ள வேண்டாம். அமெரிக்கக் கல்லூரியில் முதல் வருஷம் படித்துவிட்டுப் பொறியியல் பிரிவை மாற்றிக்கொள்ளலாம். கூடவே பொருளாதாரமோ இசையோ படிக்கலாம். இங்கே கவுன்சலிங்கில் கிடைத்த பிரிவு தலையெழுத்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். சிங்கப்பூர் இன்னொரு நல்ல உதாரணம். அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் தரத்தில் குறைந்தவை அல்ல, தூரமும் நாலு மணி நேர விமானம். அரசின் கல்வி மானியத்தை ஏற்றுக்கொண்டால் கட்டணம் குறையும். பதிலுக்குப் படிப்பு முடிந்து மூன்று வருஷம் சிங்கப்பூரில் பதிவான நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். இது சுமையா வரமா என்பது ஆளைப் பொறுத்தது. வேலைக்கு அங்கேயே இருக்கத்தான் போகிறோம் என்பவருக்கு இதைவிட நேர்மையான ஒப்பந்தம் கிடைப்பது அரிது.

அமெரிக்காவில் கணக்கு வேறு. அரசுப் பல்கலைக்கழகத்திலேயே வெளிநாட்டு மாணவருக்கு வருஷச் செலவு 50,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். 2010-ல் டாலர் 45 ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. நாலு வருஷப் படிப்பில் முதல் வருஷம் போட்ட பட்ஜெட் கடைசி வருஷம் செல்லாது. அதற்கு மேல், விதிகள் கைக்குள் நிற்பதில்லை. 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய தேதி கொடுப்பதை நிறுத்தி வைத்தார்கள். சமூக ஊடகக் கணக்குகளைப் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு ஜூனில் மீண்டும் திறந்தார்கள். செப்டம்பரில், அங்கே வேலை பார்ப்பதற்கான எச்-1பி விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தார்கள். பொறியியல் படித்தவர்களுக்குப் படிப்பு முடிந்து மூன்று வருஷம் வேலைப் பயிற்சி அனுமதி உண்டு என்பதை நம்பித்தான் கடன் வாங்கிப் போகிறார்கள். 36 மாதம் என்ற அந்த எண்ணை எந்த ஆட்சியும் மாற்றாது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

என் அக்கா மகனின் ஆஃபர் லெட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் சேர்ந்திருந்தால் 2027 கோடையில் முடிப்பான். அந்தத் தாள் கையில் இருந்தபோது, படிப்பு முடிந்து இரண்டு வருஷம் இங்கிலாந்தில் தங்கி வேலை தேடலாம் என்பது விதி. இப்போது 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். பவுண்டும் 106-லிருந்து 120-ஐத் தொட்டுவிட்டது. அதே 27,000 பவுண்டு வருஷத்துக்கு நாலு லட்சம் கூடிப்போனது. மூன்று நாலு வருஷ இளநிலை என்றால் இந்த ஆட்டங்களை முழுக்கத் தாங்க வேண்டும். ஒன்றரை, இரண்டு வருஷ எம்.எஸ். என்றால் பாதிதான்.

கடனை ஒரு முறையாவது மாதத் தவணையாக மாற்றிப் பாருங்கள். படிப்பு முடியும்போது 50 லட்சம் நிற்கிறது, வட்டி 11 விழுக்காடு, பத்து வருஷம் என்றால் மாதம் ஏறக்குறைய 69,000 ரூபாய். டாலரில் சம்பாதித்தால் இது பெரிய விஷயமில்லை. ஊருக்குத் திரும்பி வந்து ஐ.டி. நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தால் சம்பளமே அவ்வளவு வராது. அடமானம் வைத்தது யார் வீடு என்பதையும் அப்போது யோசிக்க வேண்டியிருக்கும். ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாத கடனுக்கு அரசு உத்தரவாதத் திட்டம் இருக்கிறது, இங்கே பி.இ. படிக்க அதுவே போதும். பட்டியல் சாதியினருக்கான தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் பிஎச்.டி.க்கும்தான், இளநிலைக்குக் கிடையாது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் உதவித்தொகைகளும் பெரும்பாலும் அப்படியே. உதவிப் பணமும் இரண்டாவது பட்டத்தின் பக்கமே சாய்ந்து நிற்கிறது.

பட்டத்தின் மதிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று சமமாக ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 ஜூனில் முழு உறுப்பினரானது. 'நம்ம காலேஜ் டிகிரி அமெரிக்காவில செல்லும்' என்று இதை வைத்துச் சில கல்லூரிகள் விளம்பரம் செய்கின்றன. அந்த ஒப்பந்தம் கல்லூரிக்கானது அல்ல, பாடப்பிரிவுக்கானது. அதிலும் தேசிய அங்கீகார வாரியத்தின் டயர்-1 அங்கீகாரம் பெற்றதற்கு மட்டும். ஒரே கல்லூரியில் சிவிலுக்கு இருக்கும், ஏ.ஐ.க்கு இருக்காது. வாரியத்தின் தளத்தில் பாடப்பிரிவையும் ஆண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது நல்லது. ஜெர்மனி அந்த ஒப்பந்தத்திலேயே இல்லை.

ஜெர்மனி பார்ப்பது வேறு ஒன்றை. நம் மதிப்பெண்ணை அங்குள்ள மதிப்பெண்ணாக மாற்றும் கணக்கு; 'பவேரியன் ஃபார்முலா' என்று பையன்கள் சொல்வார்கள். பத்திலிருந்து உங்கள் சி.ஜி.பி.ஏ.வை, அதாவது எல்லா செமஸ்டரும் சேர்த்த சராசரிப் புள்ளியைக் கழித்து, அதை ஐந்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வகுக்கும் ஐந்து என்பது அதிகபட்சமான பத்துக்கும் தேர்ச்சிக்கான ஐந்துக்கும் உள்ள இடைவெளி. அங்கே ஒன்று சிறந்த மதிப்பெண், நாலு என்றால் எல்லைத் தேர்ச்சி. இங்கே எட்டு எடுத்தவன் அங்கே 2.2. ஏழு எடுத்தவன் 2.8. பல முதுநிலைப் படிப்புகளில் 2.5-க்கு மேல் போனால் விண்ணப்பம் கரையேறுவது கஷ்டம். அந்தக் கோடு நம் கணக்கில் சரியாக 7.5. இது போக, இளநிலையில் கணிதம் எத்தனை கிரெடிட், மெக்கானிக்ஸ் எத்தனை கிரெடிட் என்று பாடம் பாடமாக எண்ணுவார்கள். பழைய கல்லூரியில் மெக்கானிக்கலை மேலே எழுது என்று நான் அன்றிரவு சண்டை போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நேற்று வந்த பெயர்களில் இருக்கும் பி.டெக். சிலவற்றில் அந்த எண்ணிக்கை இடிக்கிறது.

ஏழாவது வரிதான் அவனுக்குக் கிடைத்தது, மாற்றி எழுதிய வரி. இப்போது இரண்டாம் வருஷம். ஒரு அரியர் விழுந்து எழுந்திருக்கிறான். சாயங்காலம் ஜெர்மன் வகுப்புக்குப் போகிறான், இரண்டாம் நிலையான ஏ2 முடியப் போகிறது. போன வாரம் இரவு பத்து மணிக்குப் போன் செய்தான்.

"மாமா, 7.3 வந்திருக்கு. போட்டுப் பார்த்தேன், 2.62."

இன்னும் நாலு செமஸ்டர் இருக்கிறதே என்றேன். அவன் ஏற்கெனவே ஒரு எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தான். இனி ஒவ்வொரு செமஸ்டரிலும் 7.7 வேண்டுமாம்.